வெள்ளிக்கிழமை மழை

நாற்பத்தெட்டு வயதில் நான் கணினிப் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவனாக இருந்தேன். பதுளையில் சனி ஞாயிறுகளில் வகுப்பு. மற்ற ஐந்து நாளும் டவுனில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். அது நான்கு வருடப் படிப்பு. எப்படி இழுத்தாலும் எட்டு வருடத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று சட்டம். எனக்கு அது எட்டாவது வருடம். கூடப் படித்த பிள்ளைகள் வருடா வருடம் மாறினார்கள். என்னை அங்கிள் என்று கூப்பிடும் வழக்கம் மட்டும் ஒரு அணியிடமிருந்து அடுத்த அணிக்கு ஒழுங்காகக் கைமாறி வந்தது.

மிச்சம் இருந்தது இறுதியாண்டுச் செயற்திட்டம் ஒன்றுதான். டிசம்பரில் அதற்கு வாய்மொழிப் பரீட்சை. அதில் தவறினால் பதிவு ரத்து. அதுவரை பாஸ் பண்ணிய பாடங்கள் அத்தனையும் பொது அறிவில் சேர்ந்துவிடும்.

யாருக்கு யார் மேற்பார்வை என்ற பட்டியலை ஒட்டிய அன்று, என் பெயருக்கு நேரே இருந்த விரிவுரையாளர் பெயரை இரண்டு தடவை வாசித்தேன். ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கைத் தலைகீழாகப் போட்டதற்காக நான் வாசலில் நிற்கவைத்த பிள்ளை. இப்போது அவருக்கு ஒரு அறை, ஒரு சுழல் நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை. நான் கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே நின்றேன்.

"ஐயோ சேர், உள்ள வாங்க. இருங்க."

"பரவால்ல மேடம்."

"என்ன சேர் மேடம்னுகிட்டு..."

"வேற எப்புடி மேடம் கூப்புடுறது?"

கடைசிவரை அவர் சேர், நான் மேடம் என்றே வண்டி ஓடியது. யாருக்கு யார் பயப்படுவது என்பது மட்டும் சந்திப்புக்குச் சந்திப்பு மாறிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் நான்தான்.

அந்த வருடம் மூன்று குழுக்கள் தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டி செய்தன. நான் மழைமானி செய்தேன். மடுல்சீமைக்கும் அப்பால் நான் பிறந்த தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி லயத்துக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு எங்கள் பக்கத்தில் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் குறைவு. இவ்வளவு மழை பெய்தால் கவனம், அதற்கு மேல் போனால் எழும்பிப் போ என்று ஒரு அளவு இருக்கிறது. ஆனால் அதை அளப்பதற்கு அங்கே யாரும் இல்லை. ஆகவே மழையை அளந்து, அளவு தாண்டினால் போனுக்குச் செய்தி அனுப்பும் ஒரு பெட்டி. சோதனை முடியும்வரை செய்தி எனக்கு மட்டும் வரும், நான் தோட்டத்துக்குச் சொல்வேன் என்று ஏற்பாடு.

பெட்டி என்று நான்தான் சொல்கிறேன். பார்க்கிறவர்களுக்கு அது நான்கு அங்குலக் குழாய்த் துண்டு. உள்ளே பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் சீசோ பலகை மாதிரி இரண்டு சின்னக் கிண்ணங்கள். ஒரு கிண்ணம் நிரம்பினால் சாயும், மற்றது மேலே வரும். எத்தனை தடவை சாய்ந்தது என்று கணக்கெடுத்தால் மழையின் அளவு தெரியும். வாய் சின்னது என்பதால் கொஞ்சத் தண்ணீரையும் பெரிய மழையாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றினால் வெள்ளம் என்று சொல்லும். இது எனக்கு நன்றாகத் தெரியும். அறிக்கையின் மூன்றாம் அத்தியாயத்தில் படம் போட்டு விளக்கியிருந்தேன்.

ஜூன் மாதம் அதைப் பூட்டப் போனேன். தோட்டத்தில் திறந்தவெளி நிறைய உண்டு. ஆடு முட்டாத, பந்து படாத, பிள்ளைகள் கழற்றிப் பார்க்காத திறந்தவெளி ஒன்றே ஒன்றுதான். முனியாண்டி கோயில் வேலிக்குள்ளே. பூசாரி என்னைவிட ஐந்து வயது மூத்தவர். வார நாட்களில் கவ்வாத்து வெட்டுவார். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிச் சாய்க்கும் வேலை. வெள்ளிக்கிழமை வேலைக்கு முன்னாலோ பின்னாலோ நேரம் கிடைத்தபோது பூசை.

"எல்லைக்குள்ள வந்துருச்சுன்னா அதுவும் சாமி சாமான்தான் தம்பி" என்றார். "வெள்ளிக்கெழம எல்லாத்துக்கும் வேப்பங்கொழையால மஞ்சத்தண்ணி தெளிப்பேன். இதுக்கு மட்டும் தெளிக்காம விட்டா நல்லாருக்காது."

"தாராளமா தெளிங்கண்ணே. தண்ணி பட்டா கெட்டுப்போற சாமானா? மழையில நிக்கப் போற சாமான்."

இருவரும் சிரித்தோம். அவர் சிரித்ததில் அர்த்தம் இருந்தது.

ஜூலையில் இடைக்கால மதிப்பீடு. அதற்கு ஒரு வாரம் முன்னால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பது பிள்ளைகள் முன்னால் இருபத்திரண்டு வருடம் தொண்டை கிழியப் பேசியவன், மூன்று பேர் முன்னால் பத்து நிமிடம் பேசவேண்டும் என்றதும் வீட்டில் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி வயிற்றுக்கோளாறு என்று நினைத்து இஞ்சி தட்டிப் போட்டார். நான் பூசாரிக்கு போன் எடுத்தேன்.

"அண்ணே, எனக்காக ஒரு வேண்டுதல். அந்தப் பெட்டிக்கு வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம ஒரு சொம்பு மஞ்சத்தண்ணி ஊத்துங்க. டிசம்பர் வரைக்கும்."

"நீ கணக்கு வாத்தியாரு. இதெல்லாம் நம்புவியா?"

"பரீட்ச முடியுற வரைக்கும் நம்புறேண்ணே."

இரண்டையும் இரண்டையும் கூட்டினால் நான்கு என்று ஊர்ப் பிள்ளைகளுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தவன், ஒரு சொம்பையும் ஒரு மழைமானியையும் கூட்டிப் பார்க்கவில்லை. பயந்தவனுக்குச் சாமியும் வேண்டும், சயன்ஸும் வேண்டும். இரண்டையும் ஒரே குழாய்க்குள் ஊற்றக்கூடாது என்று யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை.

இடைக்கால மதிப்பீட்டில் பாஸ். வேண்டுதல் பலித்தது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் போனுக்கு எச்சரிக்கை வரத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் மழை வருதா என்று தோட்டத்துக்குக் கேட்பேன், வெயில் காயுது என்பார்கள். கம்பியில் எங்கோ கோளாறு என்று விட்டுவிட்டேன். ஆகஸ்டில் மேடத்தின் அறையில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். எங்கள் ஊவா மாகாணத்தில் அது வறண்ட காலம். கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஆனால் ஏழு நாளுக்கு ஒரு தடவை, பனைமரம் நட்ட மாதிரி, நேர் உயரமாக ஒரு மழை.

"சேர், இது என்ன?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முன்னாள் மாணவியின் முன்னால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

"அது வந்து மேடம்... கெழக்குச் சரிவுல ஈரக்காத்து ஏழு நாளைக்கு ஒருக்கா சுத்தி வரும்."

"அப்புடி ஒண்ணு இருக்கா சேர்?"

"இருக்கு மேடம். ரொம்பப் பேருக்குத் தெரியாது."

அந்த நிமிடம்வரை எனக்கும் தெரியாது. அவர் குறித்துக்கொண்டார். "நல்லா இருக்கே. அத ஒரு தனி அத்தியாயமா எழுதுங்க சேர்" என்றார். அடுத்த இரண்டு வாரம் உலகத்தில் இல்லாத ஒரு காற்றைப் பற்றி பதினொரு பக்கம் எழுதினேன். அம்புக்குறிகளோடு படமும் உண்டு. ஒரு கட்டத்தில் எனக்கே அந்தக் காற்று லேசாகப் பட ஆரம்பித்தது.

அந்தக் காற்றை நேரில் பார்த்துப் படம் பிடிக்கலாம் என்றுதான் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மடுல்சீமை பஸ் ஏறினேன். கோயிலுக்குப் போனபோது பூசாரி பூசையில் இருந்தார். வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். கற்பூரம் காட்டினார். வேப்பங்கொழையால் தெளித்தார். பிறகு சொம்பை எடுத்து, பக்தியோடு, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல், என் குழாயின் வாய்க்குள் ஊற்றினார். உள்ளே கிண்ணங்கள் டக்கு டக்கு என்று சாய்ந்து அடங்கின.

என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். "அபாயம். உடனடியாக வெளியேறவும்."

"என்ன தம்பி, கெட்ட செய்தியா?"

"இல்லண்ணே. பூச கிடைச்சிருச்சுன்னு செய்தி."

சரியான மனிதன் அன்றே பெட்டியைக் கழற்றி வேறு இடத்தில் பூட்டி, மேடத்திடம் போய் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் பஸ்ஸில் திரும்பிவரும்போது யோசித்தேன். இடம் மாற்றினால் இவ்வளவு நாள் அளந்தது வீண். பூசாரியிடம் ஊற்றாதீர்கள் என்றால் வேண்டுதலைப் பாதியில் முறித்த பாவம், அதுவும் பரீட்சைக்கு முன்னால். மேடத்திடம் சொன்னால் பதினொரு பக்கக் காற்று. ஆகவே பெட்டியின் புரோகிராமில் ஒரே ஒரு வரி எழுதினேன். இன்று வெள்ளிக்கிழமை என்றால் அளந்ததைப் பதிந்து மட்டும் வை, வரைபடத்திலோ எச்சரிக்கையிலோ சேர்க்காதே. பூசை நேரத்தை மட்டும் ஒதுக்கியிருக்கலாம். ஆனால் பூசாரிக்குக் கவ்வாத்து முடிகிற நேரம்தான் பூசை நேரம், அது காலையாகவும் இருக்கும் மாலையாகவும் இருக்கும். நாள் முழுவதையும் ஒதுக்குவதே பத்திரம் என்று முடிவெடுத்தேன். பத்திரம் என்ற சொல்லை அப்போது உண்மையிலேயே நினைத்தேன்.

மேடத்திடம், சின்னக் கோளாறு, சரி பண்ணிவிட்டேன், அந்தக் காற்று இல்லை என்று தெரியவந்தது என்றேன். பதினொரு பக்கத்தை நீக்கச் சொன்னார். நீக்கினேன். நவம்பர் முதல் வாரம் அறிக்கையைக் கட்டி ஒப்படைத்தேன். இத்தனை வாரமாக ஒரு பொய் எச்சரிக்கைகூட இல்லை என்று ஆறாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன்.

ஒப்படைத்து இரண்டு வாரம் இருக்கும். மழைக்காலம். வியாழன் மாலை தூறலாகத் தொடங்கிய மழை நள்ளிரவுக்குப் பிறகு வலுத்து, காலையிலும் விடவில்லை. வகுப்பில் தகரக் கூரைச் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. போனைப் பார்த்தேன். செய்தி இல்லை. சரி, தோட்டத்துப் பக்கம் மழை இல்லை போல என்று நினைத்தேன். அடுத்த பாடத்தில் மறுபடி பார்த்தேன். ஒன்றும் இல்லை. பதுளை முழுவதும் நனைந்துகொண்டிருக்க, என் கண் முன்னால் விழுகிற மழையைவிட என் சட்டைப் பையில் இருந்த மௌனத்தை நம்பினேன். மூன்றாம் பாடத்துக்கு வேறு வகுப்பு. பலகையில் திகதி எழுதி, கிழமை எழுதும்போது கை அப்படியே நின்றது.

சுண்ணக்கட்டியைக் கீழே வைத்ததா போட்டதா ஞாபகம் இல்லை. பூசாரியின் போன் வேலை செய்யவில்லை. பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், ஆயாவாக இருக்கும் அக்காவுக்கு எடுத்தேன். ஐந்தாவது தடவை எடுத்தார். பின்னால் ஏகப்பட்ட குழந்தைகள் அழும் சத்தம்.

"அக்கா, எல்லாரும் எங்க இருக்கீங்க?"

"இஸ்கூல்ல சேர். விடியவே வந்துட்டோம். கடேசி லயத்துல ஒருத்தரும் இல்ல."

"யாரு வரச் சொன்னது?"

"பூசாரிதான். இந்தா பேசுங்க."

பூசாரி தொண்டையைச் செருமினார். "மேட்டுல இருந்து வர்ற பீலித் தண்ணி செவப்பா வந்துச்சு தம்பி. மேட்டுல ஏதோ ஒடையுதுன்னு தெரிஞ்சு போச்சு. கதவு கதவா தட்டிக் கூட்டியாந்துட்டேன். இப்பதான் ஒரு அரமணி நேரத்துக்கு முந்தி மண்ணு வந்துச்சு. சமைக்கிற குசினி ரெண்டு போச்சு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல." பின்னால் யாரையோ அதட்டிவிட்டு வந்தார். "ஒன் மிசினு ஒண்ணுமே சொல்லலியே. வெள்ளிக்கெழம அதுக்கும் லீவா?"

அவர் தமாசுக்குத்தான் கேட்டார். வகுப்பில் பிள்ளைகள் தாங்களாகவே புத்தகத்தைத் திறந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் போனேன். பீலியில் தண்ணீர் இன்னும் செம்மண் நிறமாகவே விழுந்துகொண்டிருந்தது. கடைசி லயத்தின் பின்சுவர் இருந்த இடத்தில் மண். ஒரு பெண் மண்வெட்டியால் தோண்டித் தன் பிரஷர் குக்கரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"வாங்க சேர். மிசினு பத்திரமா இருக்கா?"

கோயிலுக்குப் போய்ப் பார்த்தேன். பத்திரமாக இருந்தது. நடந்த மழையின் ஒவ்வொரு துளியையும் சரியாக அளந்திருந்தது. நான்தான் அதன் வாயைக் கட்டியிருந்தேன். அந்த ஒரு வரியை அங்கேயே வேலியில் சாய்ந்து நின்றபடி அழித்தேன். மூன்று நிமிட வேலை. பூசாரியிடம் முழுக்கதையையும் சொன்னேன்.

அவர் வேலியில் கிடந்த வேப்பங்கொழையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "நீ கேட்டதுனால தானே ஊத்துனேன்" என்றார். "இன்னைக்கு வரைக்கும் சாமி மேல ஊத்துன தண்ணிக்கு இப்புடி ஒரு கேடு வந்ததில்ல தம்பி."

வாய்மொழிப் பரீட்சை நாள். மூன்று பேர். மேடம், ஒரு இளம் விரிவுரையாளர், வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர். மடிக்கணினி கம்பி மூன்றாவது முயற்சியில்தான் துளைக்குள் போனது. இளைஞர் பக்க எண்கள் ஏன் மேலே இருக்கின்றன, கீழே அல்லவா இருக்கவேண்டும் என்றார். மன்னிப்புக் கேட்டேன். பேராசிரியர் மின்கலம் எத்தனை நாள் தாங்கும் என்றார். சொன்னேன். நல்ல வேலை, மக்களுக்குப் பயன்படும் என்று சொல்லிவிட்டுப் பேனையை மூடினார். அவ்வளவுதான். எட்டு வருடம் அந்தப் பேனை மூடியின் சத்தத்தில் முடிந்துவிட்டது. மேடம் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே போகவேண்டியதுதான்.

எழுந்தேன். ஆனால் வெளியே போகவில்லை. என்னை நிறுத்தியது குக்கரைத் தோண்டிய பெண்ணின் முகம் என்று சொன்னால் பெரிய மனிதனாகத் தெரியும். உண்மை என்னவென்றால், இந்தப் பட்டத்தோடு தோட்டத்துக்குப் போனால் பூசாரி என்ன கேட்பார் என்ற பயம். ஒரு பயத்தை இன்னொரு பயம் தள்ளியது.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். இங்கிலீஷில் ஆரம்பித்துத் தமிழில் சிக்கி, பேராசிரியருக்காகச் சிங்களத்தில் முடித்தேன். சொம்பு, மஞ்சத்தண்ணி, வெள்ளிக்கிழமை வரி, காற்று, மண், இரண்டு குசினி. மஞ்சத்தண்ணிக்கு மூன்று மொழியிலும் கை சைகைதான் உதவியது.

வெளியே இருக்கச் சொன்னார்கள். நடைக்கூடத்தில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன அங்கிள், லேசா கேட்டாங்களா?"

"ரொம்ப லேசு. அவங்க கேக்காததுக்கும் நானே பதில் சொல்லிட்டேன்."

"ஐயோ அங்கிள்!"

இருபது நிமிடம் கழித்து மேடம் கதவைத் திறந்து வெளியே வந்தார். சிரிப்பு இல்லை. பிள்ளைகள் விலகினார்கள்.

"ஆகஸ்ட்லயே என்கிட்ட தெரியாதுன்னு ஏன் சேர் சொல்லல?"

"பயம் மேடம்."

"எனக்கா பயந்தீங்க?"

"ஆமா மேடம்."

அவர் கதவைப் பின்னால் சாத்தினார். "நீங்க சொன்ன காத்த நம்பி, நான் ரெண்டு பேருகிட்ட போய் விசாரிச்சேன் சேர்" என்றார். அந்த வருடம் எனக்குக் கிடைத்த அடிகளில் அதுதான் நன்றாக விழுந்தது.

முடிவு இதுதான். பரீட்சை நடந்ததாகவே பதிவாகும், என் பதிவு ரத்தாகாது. ஆறு வாரத்தில் திருத்தம். பெட்டியை வேறு இடத்தில் பூட்டி, முப்பது நாள், வெள்ளிக்கிழமைகளும் சேர்த்து, விட்டுப்போகாமல் அளக்கவேண்டும். பெட்டி மழை என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும், அங்கே இருக்கும் ஒரு மனிதரைக் கேட்டு உறுதிப்படுத்தி எழுதவேண்டும். நடந்த தவறைத் தனி அத்தியாயமாக எழுதவேண்டும். ஒன்று குறைந்தாலும் பட்டம் இல்லை.

பெட்டியைப் பிள்ளைக்காம்பராக் கூரைக்கு மாற்றினேன். பூசாரி ஏணியைப் பிடித்துக்கொண்டார். வேண்டுதல் என்னாவது என்று கேட்டேன். "சொம்ப நேரா சாமிக்கே ஊத்துறேன், நடுவுல ஒன் கொழா வேணாம்" என்றார்.

ஜனவரியில் நல்ல மழை. போன் அதிரும்போதெல்லாம் ஆயா அக்காவுக்கு எடுத்தேன். நாலாவது வெள்ளிக்கிழமைக்குள் அவருக்கு அலுத்துவிட்டது.

"அக்கா, அங்க மழையா?"

"ஏன் சேர், மிசினு சொல்லலியா?"

"சொல்லுச்சு."

"பெறகு எதுக்கு என்னைய கேக்குறீங்க?"

"ஒங்க வாயால கேக்கணும்க்கா."

"பேயுது சேர். நல்லா பேயுது. காயப்போட்ட துணியெல்லாம் நனஞ்சு கெடக்கு. வைங்க, புள்ள அழுவுது."

உறுதிப்படுத்தல் என்ற கட்டத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். திருத்திய அறிக்கையை மேடம் ஒரு சனிக்கிழமை என் முன்னாலேயே வாசித்தார். தவறு பற்றிய அத்தியாயத்தை ஒரு சொல் விடாமல் வாசித்தார். அட்டவணைக்கு வந்ததும் அவர் விரல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையாக இறங்கியது. கடைசி வரியில் நின்று, "வைங்க, புள்ள அழுவுது" என்று சத்தமாக வாசித்துவிட்டுப் பேனையை எடுத்தார்.

"சி கிரேடுதான் சேர் வரும்."

"போதும் மேடம்" என்றேன்.